நுகருமுன் அறிதல்: கஞ்சாச் சந்தை எழுப்பும் ஓர் அறவியல் வினா

பொருளை அறிந்து வாங்குதல் வேண்டும் என்பது சந்தை தோன்றிய நாள் முதலாக மனிதர் ஒருவருக்கொருவர் சொல்லிவரும் அறிவுரையாகும். மாடு வாங்குவோன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். நெல் வாங்குவோன் ஒருபிடி அள்ளி உள்ளங்கையிற் கசக்கி ஊதிப் பார்க்கின்றான். கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பாராது வாங்கும் இல்லாளை யாழ்ப்பாணத்துச் சந்தையிற் காண்டல் அரிது. ஆயின், இத்தகைய சோதனைக்கு இடங்கொடாத பொருள்களும் உள. அவற்றின் பயன், உண்டபின் அல்லது நுகர்ந்தபின் மாத்திரமே வெளிப்படும். அமெரிக்கப் பொருளியலாளர் பிலிப் நெல்சன் 1970 இல், தேடிப்பார்த்தே அறியத்தக்க பொருள்களையும் நுகர்ந்தே அறியத்தக்க பொருள்களையும் வேறுபடுத்திக் காட்டினார். இவற்றுள் இரண்டாம் வகையின் உச்சியில் நிற்பது மனத்தின் நிலையையே மாற்றும் பொருளாகும். அறியவேண்டிய பொருள், அறியும் கருவியாகிய மனத்தையே திரித்துவிடுகின்றமையால், அதனை அறிதல் என்பது யாது என்ற வினா அங்கு கூர்மை பெறுகின்றது.

கஞ்சாவைச் சட்டத்தின் கீழ் விற்கும் நாடுகள் தோன்றியதன் பின்னரே இவ்வினா நடைமுறைச் சிக்கலாயிற்று. உருகுவே 2013 இல் அதற்குச் சட்டமியற்றியது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதலாந் திகதி கடைகள் திறக்கப்பட்டன. கனடா முழுவதிலும் 2018 ஒக்டோபர் 17 முதல் விற்பனை சட்டபூர்வமாயிற்று. இலங்கையில் அதனை வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாகும். அச்சட்டங்களின் நன்மை தீமை இங்கு ஆராயப்படவில்லை. அது தனித்த விவாதத்துக்கு உரியது. இங்கு நோக்கப்படுவது அதனினும் சுருங்கிய ஒன்றாகும். ஒருவன் ஒரு கஞ்சா வருக்கத்தின் சுவையையும் வீரியத்தையும் விளைவையும் வாங்குவதற்கு முன் அறிந்துகொள்ள இயலுமா? இயலாதெனில், விற்பவன் அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டது யாது?

கனடாக் கடையொன்றில் அவன்முன் வைக்கப்படுவது முத்திரையிடப்பட்ட, குழந்தைகளால் திறக்க இயலாத ஒரு பொதி. அதன்மேல் ஒரு பெயர், ரி.எச்.சி., சி.பி.டி. எனப்படும் இரு சேர்வைகளின் அளவு; அரசாங்கத்தின் எச்சரிக்கை. இவற்றைக் கொண்டு அவன் முடிவு செய்தல் வேண்டும். இந்நிலையை ஆராய்தற்குச் சைவசித்தாந்தத்தின் அளவையியல் எதிர்பாராத துணை புரிகின்றது. சிவஞானசித்தியார், அறிதற்குரிய அளவைகள் பலவாயினும் அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் கொள்கின்றது. அன்றியும், காட்சி என்பதை ஒன்றாக விடாது, புலன்வழிப்பட்ட காட்சி வேறு, இன்பதுன்பங்களை உயிர் தானே உணரும் தன்வேதனைக் காட்சி வேறு எனப் பிரித்துரைக்கின்றது. வீடுபேறு நோக்கி வகுக்கப்பட்ட பாகுபாட்டைக் கஞ்சாக் கடைக்குக் கொண்டுசெல்வது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். எனினும், கருவி கூரியதாயின் அது எவ்விடத்தும் வெட்டும்.

சுவையை முதலில் நோக்கலாம். கஞ்சாவின் மணமும் சுவையும் பெரும்பாலும் டேர்ப்பீன்கள் எனப்படும் ஆவியாகும் சேர்வைகளாற் பிறப்பவை. தோடை, எலுமிச்சை ஆகியவற்றின் தோலிலுள்ள லிமொனீன், தேவதாரு வகைகளின் மணத்துக்குக் காரணமான பைனீன், மிளகின் காரமணத்துக்குத் துணைபுரியும் கரியோபிலீன், மாங்காயிலும் காணப்படும் மிர்சீன் முதலியன அவற்றுட் சில. எனவே, ஒரு வருக்கத்தின் மணத்தை எலுமிச்சை போன்றது, மிளகு போன்றது என்று சொல்லுதல் வெறும் உவமையன்று; அதே சேர்வை இரண்டிலும் உண்மையாகவே இருத்தல் கூடும். அன்னாசிப்பழத்தின் சுவையை உண்ணாதவனுக்குச் சொல்லால் உணர்த்துதல் இயலாது என்று ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக் எழுதினார். டேவிட் ஹியூமும் அதே பழத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவர்தம் கூற்று உண்மையே. ஆயினும், தோடையையும் மிளகையும் அறிந்தவனுக்கு அவ்விரண்டும் கலந்த மணத்தை ஓரளவேனும் கருதலளவையால் எட்டுதல் இயலும். மூன்றனுள் சுவையே முன்னறிதற்கு மிக எளியது. பிழைத்தாலும் இழப்பு நாவோடு முடிகின்றது. ஆதலின் அதனை இவ்வளவில் விடுதல் தகும்.

பெயரின் நிலை அவ்வாறன்று. லின்னேயசு 1753 இல் கஞ்சாவுக்குக் கனபிஸ் சற்றைவா எனப் பெயரிட்டார். இந்தியாவிலிருந்து சென்ற செடியை வேறோர் இனமாகக் கொண்டு லமார்க் 1785 இல் கனபிஸ் இன்டிக்கா என்றார். இரண்டும் ஒரே இனத்தின் பிரிவுகளே எனத் தாவரவியலாளர் சிமோல், குறொன்குவிஸ்ற் ஆகிய இருவரும் 1976 இல் வாதிட்டனர். தாவரவியலார் இவ்வாறு தம்முள் வழக்காடிக்கொண்டிருக்க, சந்தை அவ்விரு சொற்களையும் எடுத்துத் தன் போக்கிற் பொருள் கற்பித்துக்கொண்டது. இன்டிக்கா உறக்கந்தரும், சற்றைவா ஊக்கந்தரும் என்பது கடைகளிற் பரவிய கொள்கை. கனடாவிலும் நெதர்லாந்திலுமுள்ள ஆய்வாளர் 2021 இல் வெளியிட்ட ஆய்வொன்று, இப்பெயரீடு செடியின் மொத்த மரபணு உறவோடு நன்கு பொருந்தவில்லை என்றும், சில டேர்ப்பீன்களின் அளவோடு மாத்திரமே சிறிது தொடர்புடையது என்றும் காட்டியது. அஃதாவது, உறக்கத்தையும் ஊக்கத்தையும் குறிப்பதாகக் கருதப்பட்ட சொல், பெரும்பாலும் மணத்தையே குறித்துவந்துள்ளது.

வருக்கப் பெயர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கொலராடோவைச் சேர்ந்த ஆய்வாளர் 2019 இல், 30 பெயர்களின் கீழ் விற்கப்பட்ட 122 மாதிரிகளின் மரபணுக்களை ஒப்புநோக்கினர். ஒரே பெயர்தாங்கிய மாதிரிகள் பலவிடங்களில் ஒன்றற்கொன்று உறவற்றனவாய் இருந்தன. நீலக்கனவு எனப் பொருள்படும் புளூ ட்ரீம் என்னும் பெயரை ஒரு கடையில் விரும்பி வாங்கியவன், மறு கடையில் அதே பெயரைக் கேட்டு வேறொரு செடியைப் பெறக்கூடும். மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பான் என்றும் வெள்ளைக்கொழும்பான் என்றும் பெயர் சொல்லுங்கால், தோலும் மணமும் அப்பெயருக்குச் சாட்சி நிற்கின்றன. ஒட்டுக்கன்று வழியே பரம்பரையும் காக்கப்படுகின்றது. சாட்சியும் பரம்பரையும் இல்லாதவிடத்துப் பெயர், அறிவைத் தரும் சொல்லாகாது விருப்பத்தைத் தூண்டும் ஓசையாகின்றது.

பெயரை நம்பவியலாது என்று உணர்ந்தவன் எண்ணை நாடுகின்றான். இங்குதான் சிக்கல் மிகுதி. போதைக்கு முதற்காரணமான டெற்றாஹைட்ரோகனபினோல் என்னும் ரி.எச்.சி.யை இஸ்ரவேலைச் சேர்ந்த கவோனி, மெக்கூலம் ஆகியோர் 1964 இல் தூயநிலையிற் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். அதன்பின் வீரியத்தை எண்ணாற் கூறுதல் இயல்வதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சா மாதிரிகளில் 1995 அளவில் ஏறத்தாழ 4 வீதமாயிருந்த ரி.எச்.சி., 2014 அளவில் ஏறத்தாழ 12 வீதமாயிற்று. கடைகளில் 20 வீதத்துக்கு மேற்பட்ட எண்களைக் காண்பது இப்போது வழமை. பச்சைச் செடியில் இருப்பது ரி.எச்.சி. அன்று, அதன் அமில வடிவமே. வெப்பம் பட்டபின்னரே அது ரி.எச்.சி. ஆகின்றது. ஆதலின், அமிலத்தின் அளவை 0.877 ஆற் பெருக்கியே மொத்த அளவு கணிக்கப்படுகின்றது. கனடாப் பொதியில் ரி.எச்.சி. என ஓர் எண்ணும், மொத்த ரி.எச்.சி. என அதனிற் பெரிய வேறோர் எண்ணும் காணப்பட்டுவந்ததற்குக் காரணம் இதுவே. புதிதாக வாங்குபவர் இவ்விரண்டையும் மயங்குதல் இயல்பாயிருந்தது.

எண்ணைக் காண்பவன் அளவையைக் காணவில்லை. அளந்தவரின் உரையையே கேட்கின்றான். எனவே இது காண்டலன்று, உரையளவை. உரை அளவையாதற்கு அதனை மொழிபவர் ஆப்தராதல் வேண்டும் என்று நம் தருக்க நூலார் கூறுவர். பொருளை உள்ளவாறு அறிந்திருத்தலும், அறிந்தவாறே பிறருக்கு உரைக்கும் விருப்பமும் ஆப்தர்க்குரிய இலக்கணம். ஆய்வுகூடத்துக்கு முதலாவது தகுதி இருத்தல் கூடும். இரண்டாவது தகுதியைப் பணம் சோதிக்கின்றது. அமெரிக்க மாநிலங்களில் ஆய்வுகூடத்துக்குக் கூலி கொடுப்பவர் பொதுவாகச் செடியை வளர்ப்பவர் அல்லது விற்பவரே. எண் உயர விலை உயருமாயின், உயர்ந்த எண்ணைத் தரும் ஆய்வுகூடத்தை அவர் நாடுவதில் வியப்பில்லை. கொலராடோவில் 10 கடைகளிலிருந்து பெற்ற 23 மாதிரிகளை மீள அளந்து 2023 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 வீதமான மாதிரிகளின் ரி.எச்.சி. அளவு, சிட்டையிற் குறித்த அளவினும் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேலாகக் குறைந்திருந்தது.

இக்குற்றத்தை விற்பவர்மேல் மாத்திரம் சுமத்துதல் எளிது. அது முழு உண்மையன்று. எண் ஒன்றையே பார்த்து விலைகொடுப்பவர் இல்லையெனின் எண்ணை உயர்த்துதற்குக் காரணமும் இல்லை. பிரித்தானியப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் நாணயக் கொள்கையை ஒட்டிக் கூறிய கருத்தொன்று இங்குப் பொருந்தும். நிகழ்வுகளிற் காணப்பட்ட ஓர் ஒழுங்கை ஆட்சிக்கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் அவ்வொழுங்கு குலைந்துவிடும் என்பது அதன் சாரம். அவ்வாறே, வாங்குபவரின் அறியும் வேட்கை ஓர் எண்ணின்மேற் குவியுமிடத்து, அவ்வேட்கையே அவ்வெண்ணைக் கெடுத்துவிடுகின்றது. சந்தையில் அறியாமையாற் கேடு வருதல் பலரும் அறிந்தது. அறிவை நாடுதலாலேயே அறிவு கெடுதல் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

எண் மெய்யேயாயினும் அது சொல்வது எவ்வளவு? கொலராடோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், 16 அல்லது 24 வீத ரி.எச்.சி. கொண்ட பூவைப் புகைத்தோரும், 70 அல்லது 90 வீதம் கொண்ட செறிசாற்றை உபயோகித்தோரும் ஒப்பிடப்பட்டனர். செறிசாற்றை உபயோகித்தோரின் குருதியில் ரி.எச்.சி. இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆயினும், போதையுணர்விலும் நினைவுச் சோதனைகளிலும் இரு சாராரிடையே எதிர்பார்த்த வேறுபாடு தோன்றவில்லை. அவர்கள் பழக்கமுற்றவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. புதியவருக்கு இம்முடிவு பொருந்தும் எனக் கொள்வது ஆபத்தாகும். எனினும், பொதியின்மேலுள்ள எண்ணுக்கும் உள்ளத்தில் நிகழ்வதற்கும் இடையே நேர்வழி இல்லை என்பது இதனாற் புலனாகும்.

சித்தமருத்துவம் ஒரு பொருளைச் சுவை, குணம், வீரியம், விபாகம், பிரபாவம் என ஐந்தாக வைத்து ஆராய்கின்றது. இங்கு வீரியம் என்பது வெப்பம் அல்லது தட்பமாகிய ஆற்றலையே சுட்டும், வீதக் கணக்கையன்று. விபாகம் செரித்தபின் எய்தும் மாற்றம். பிரபாவம் என்பது, சுவை முதலியவற்றைக் கொண்டு ஊகித்தற்கியலாத தனிச்செயல். நவீன இரசாயனம் அனைத்தையும் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுதற்காக இது கூறப்படவில்லை. அத்தகைய பேச்சால் முன்னோர்க்கும் பெருமையில்லை, இரசாயனத்துக்கும் பயனில்லை. கவனிக்கத்தக்கது ஒன்றே: பொருளின் செயல் அதன் ஏனைய பண்புகளிலிருந்து முழுதாகப் பெறப்படுவதன்று என்பதற்கு ஒரு தனிப்பெயரை வைத்து, அவ்விடத்தைத் திறந்தே விட்டிருந்தனர். இன்றைய கடைச்சிட்டையில் அத்தகைய இடமில்லை.

விளைவு அவ்விடத்துக்கே உரியது. சிக்காகோவில் இசைக்கலைஞராயும் இருந்த சமூகவியலாளர் ஹவார்ட் பெக்கர், கஞ்சா உபயோகிக்கும் ஐம்பதின்மரைக் கண்டு உரையாடி 1953 இல் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் வாசிக்கப்படுகின்றது. முதன்முறை புகைப்பவர் பலர் ஒன்றையும் உணர்வதில்லை என்றும், உடலில் நிகழ்வதை இன்னதென்று இனங்காணப் பிறரிடம் கற்கின்றனர் என்றும், அதன்பின் அதனை இன்பம் எனக் கொள்ளவும் கற்கின்றனர் என்றும் அவர் காட்டினார். தலை சுற்றுதல், தாகம், கால உணர்வு பிறழ்தல் ஆகியன தம்மளவில் இன்பமோ துன்பமோ அல்ல. ஒருவன் அவற்றை நோயென அஞ்சக்கூடும், மற்றொருவன் மகிழ்ச்சியென வரவேற்கக்கூடும். மருந்து, உபயோகிப்பவரின் மனநிலை, சூழல் ஆகிய மூன்றும் கூடியே அனுபவம் அமைகின்றது என உளமருத்துவர் நோர்மன் சின்பேக் 1984 இல் விரித்துரைத்தார். ஆகவே, விளைவு செடியின் உள்ளே பொதிந்து கிடக்கும் பண்பன்று. செடிக்கும் ஒரு குறித்த மனிதனுக்கும் குறித்த பொழுதிற்கும் இடையே பிறக்கும் ஒன்று அது. தன்வேதனைக் காட்சியாலன்றி அதனை அறிதல் இயலாது; அக்காட்சியும் வாங்கியபின்னரே வாய்க்கும்.

இங்கு அறவியல் வினா தோன்றுகின்றது. உரோம அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கை முன்வைக்கின்றார். பஞ்சத்தால் வாடும் றோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகின்றான். பின்னே வேறு கப்பல்களும் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும். அதனை அவன் சொல்லவேண்டுமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னாற் போதும் என்றார் பாபிலோனிய டயோஜெனிஸ். வாங்குபவன் அறியாத எதனையும் விற்பவன் மறைத்தலாகாது என்றார் அவர் மாணவர் அந்திப்பாற்றர். சிசரோ மாணவர் பக்கமே நின்றார். 1970 இல் ஜோர்ஜ் அக்கர்லோவ் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைக் கொண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான் என்ற சமனின்மையையே அடிப்படையாகக் கொண்டது. அதற்காகவும் தொடர்ந்த ஆய்வுகளுக்காகவும் அவர் 2001 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கஞ்சாக் கடையின் நிலையோ இவ்விரண்டிலும் அடங்காது. இது உனக்கு அமைதி தரும் என்று சொல்லும் விற்பனையாளர், தாம் அறிந்த ஒன்றை மறைக்கவில்லை. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் உரைக்கின்றார். சிசரோவின் வணிகனிடம் மெய் இருந்தது. அதனை வெளியிடாமையே குற்றம். இவரிடம் வெளியிடுதற்கு மெய்யே இல்லை. தனக்கு உண்டான அனுபவத்தைச் சொல்வதாயின், அது தன்னைப் பற்றிய மெய்; வாங்குபவனைப் பற்றியதன்று. ஆதலின், மறையாமை என்னும் பழைய அறம் இங்குப் போதாது. தன் அறிவின் எல்லையையும் விற்பனையின்போதே உடன் சொல்லுதல் வேண்டும் என்பது அதனோடு சேர்க்கத்தக்க கடமையாகும். கனடாச் சட்டம், நுகர்ந்தோரின் பாராட்டுரைகளைக் கொண்டு விளம்பரஞ் செய்தலையும், உறுதிப்படாத சுகநலன்களைப் பொதியிற் குறித்தலையும் தடைசெய்துள்ளது. வணிகர் சிலர் இதனை வாய்ப்பூட்டு எனக் கடிகின்றனர். ஆயின், இல்லாத அறிவை உள்ளதாகக் காட்டுதலைத் தடுக்கும் சட்டம் பேச்சுரிமையைப் பறிப்பதாகக் கொள்ளல் பொருந்தாது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். அறியாது ஏற்பது கஞ்சா மாத்திரமா? புதிய நூலையும் அறியாதே வாங்குகின்றோர் பலர். பெற்றோராதல் எத்தகையது என்பதைப் பெற்றோராகுமுன் அறிந்தோர் எவருமிலர். முதிர்ந்த மனிதன் அறியாமையைத் தானே தெரிந்து ஏற்கும்போது பிறர் குறுக்கிடுதல் ஏன்? வாதம் வலிமையுடையதே. ஆயினும், ஏற்கப்படும் அறியாமையின் அளவாவது அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நூல் சலிப்பூட்டின் மூடிவைக்கலாம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், ரி.எச்.சி. 10 வீதமோ அதற்கு மேலோ உள்ள கஞ்சாவை நாள்தோறும் உபயோகித்தோரிடம் மனப்பிறழ்வு நோய் தோன்றும் வாய்ப்பு, ஒருபோதும் உபயோகியாதோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்காகக் காணப்பட்டது. அத்தொடர்பு முழுவதும் காரணகாரியத் தொடர்பா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆயினும், குடும்பத்தில் அந்நோய் உள்ள ஓர் இளைஞனுக்கு நீலக்கனவு என்னும் பெயரும் 24 என்னும் எண்ணும் மாத்திரம் காட்டப்படுமாயின், அவன் அறியாமையை ஏற்றான் என்று எவ்வாறு கூறுவது? தான் ஒன்றை அறியவில்லை என்பதே அவனுக்கு அறிவிக்கப்படவில்லை.

உண்ணும் பண்டங்களில் இது இன்னும் தெளிவாகின்றது. புகைக்கப்படும் கஞ்சாவின் செயல் சில நிமிடங்களில் தோன்றும். உண்ணப்படுவது ஈரலைக் கடந்து, அங்கு வேறொரு வலிய சேர்வையாகவும் மாறிக் குருதியிற் கலக்கின்றது. அதன் செயல் தோன்ற அரைமணி முதல் இரண்டு மணிநேரம் வரை செல்லும். நியூயோர்க் ரைம்ஸ் பத்தி எழுத்தாளர் மொறீன் டவுட், 2014 இல் டென்வர் நகர விடுதி அறையொன்றிற் கஞ்சா கலந்த இனிப்பைக் கடித்துண்டு, ஒரு மணிநேரம் எதனையும் உணராது, பின்னர் எட்டு மணிநேரம் தாம் இறந்துவிட்டதாகவே நம்பிக் கிடந்ததை எழுதினார். புதியவர் அவ்வினிப்பைப் பதினாறு துண்டாக்கி உண்ணவேண்டும் என்பதைப் பின்னரே அவர் அறிந்தார். அது சிட்டையில் இருக்கவில்லை. அவரைப் பலர் நகைத்தனர். அந்நகைப்பில் நியாயமில்லை. தமக்கு என்ன விளையும் என்பதை எவரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருத்தல் இயலாது. பதினாறு என்ற எண்ணையோ எவரும் சொல்லியிருக்கலாம். பின்னர் கொலராடோ விதிகள், ஒருமுறை உண்ணும் பகுதி 10 மில்லிகிராமுக்கு மேற்படாது பிரித்தறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என வகுத்தன. கனடாவில் ஒரு பொதி முழுவதற்குமே 10 மில்லிகிராம்தான் எல்லை. இவ்வளவு உண், இவ்வளவு நேரம் பொறு என்பது விளைவை அறிவிக்கும் உரையன்று. அறியாத ஒன்றை அணுகும் முறையை அறிவிக்கும் உரை அது. விற்பவரிடம் உண்மையாகவே உள்ள அறிவு இவ்வகையினது.

எஞ்சிய பாதி அறிவு வாங்குபவரிடம் இருக்கின்றது: வயது, உண்ணும் மருந்துகள், குடும்பத்தின் நோய் வரலாறு, அன்றைய மனநிலை. சித்தவைத்தியர் மருந்தைத் தொடுமுன் நாடியைப் பார்த்து இவற்றைக் கேட்டறிகின்றார். கடை விற்பனையாளர் வைத்தியரல்லர். மருத்துவ ஆலோசனை கூறும் தகுதியும் அவருக்கில்லை. இவற்றைக் கேட்கும் கடமை யாருக்குரியது என்பதைச் சட்டம் இன்னும் வரையறுக்கவில்லை. பின்னால் வரிசை நிற்கையில் இவற்றைத் தாமாகச் சொல்ல முன்வருவோரும் மிகச் சிலரே.